மாதச் சாமானை ஆப்பிலிருந்து தெருக்கடைக்கு மாற்றினால் கட்டுபடியாகுமா?

புதுநத்தம்ரோடு (கேள்வி)

மதுரை. நாலு பேர் சாப்பிடும் வீடு. மளிகை முழுக்க இதுவரை ஆப்பில்தான். அடுத்த தெருவில் ஓர் அண்ணாச்சி கடை இருக்கிறது. நிறுத்துத்தான் கொடுக்கிறார், பில் கேட்டால் துண்டுச் சீட்டு. "உள்ளூர்க் கடையை வாழவைப்போம்" என்று நிறையப் பேச்சு கேட்டாயிற்று. எனக்குக் கணக்கு வேண்டும். எந்தச் சாமானில் உண்மையிலேயே லாபம், எதில் நட்டம்? எடை, தரம், வரி இதையெல்லாம் எப்படிச் சரிபார்ப்பது?

லிஸ்ட் தோராயமாக: பொன்னி புழுங்கல் 20 கிலோ, இட்லி அரிசி 5, துவரம் பருப்பு 3, உளுந்து 2, கடலை எண்ணெய் 2 லிட்டர், நல்லெண்ணெய் 1, புளி, மிளகாய், மல்லி, அப்புறம் சோப்பு, பேஸ்ட், டீத்தூள் வகையறா.

லெட்ஜர்

லிஸ்ட்டை இரண்டாகக் கிழித்துவிடுங்கள். கம்பெனி பாக்கெட் ஒரு பக்கம், நிறுத்து வாங்குவது ஒரு பக்கம். இரண்டுக்கும் ஒரே கேள்வி கேட்டால் பதில் குழம்பும்.

சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் மாதிரி கம்பெனிச் சரக்கில் சின்னக் கடைக்காரருக்கு லாபமாக நிற்பது சுமார் பத்து சதவீதத்தை ஒட்டித்தான். அதில் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவது வீண். ஆப்போ பெரிய கடையோ கம்பெனியிடம் நேராக லாட்டில் எடுத்து, சில பொருளை அடக்க விலைக்கே கொடுக்கும். அந்த விலை உங்களை உள்ளே இழுக்க. மற்ற பொருளில் அதைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். அதனால் ஒரு மாதத்து பில்லை எடுத்து டெலிவரி சார்ஜ், ஹேண்ட்லிங் சார்ஜ், "இன்னும் 80 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்" என்பதற்காகப் போட்ட வேண்டாத சாமான், மூன்றையும் தனியாகக் கூட்டுங்கள். சிவப்பில் காட்டிய தள்ளுபடியில் பாதி அங்கேயே கரைந்திருக்கும்.

பாக்கெட்டில் இன்னொரு வேலை அளவைக் குறைப்பது. கணக்குக்கு ஓர் எண்ணெய்: 850 கிராம் பாக்கெட் 136 ரூபாய், 910 கிராம் பாக்கெட் 140 ரூபாய். முதலாவது மலிவு போலத் தெரியும். கிலோவுக்கு மாற்றினால் அது 160, இது 153.85. எண்ணெய் ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம் நிற்கும், அதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் எம்ஆர்பிக்குப் பக்கத்திலேயே ஒரு கிராமுக்கு இவ்வளவு என்று பொடி எழுத்தில் இருக்கும். அதைத்தான் ஒப்பிட வேண்டும், பெரிய எழுத்தை அல்ல.

இப்போது அரிசி. இதில்தான் நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை முன்கூட்டியே கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. 25-ஐத் தாண்டிய மூட்டைக்குக் கிடையாது. கடையில் 26 கிலோ சிப்பம் வந்தது இதனால்தான். கிலோ 60 ரூபாய் அரிசியில் 25 கிலோவுக்கு 75 ரூபாய் வித்தியாசம். உங்கள் வீட்டுக்கு மாதம் 20 கிலோ என்றால் 26 கிலோ மூட்டையே சரி, 39 நாள் வரும். மூட்டையைப் பிரித்து உங்கள் கண்ணெதிரே நிறுத்துப் போடும் சில்லறை அரிசிக்கும் பருப்புக்கும் வரி இல்லை. ஆப்பில் வரும் ஒரு கிலோ, ஐந்து கிலோ பாக்கெட் எல்லாமே வரி சேர்ந்த விலை.

துண்டுச் சீட்டைப் பற்றி: சரக்கு மட்டும் விற்கும் கடைக்கு வருஷ விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் என்றால் ஜிஎஸ்டி பதிவே வேண்டாம். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரி தன் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) இருப்பவர் பதிவு வைத்திருந்தாலும் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்கக் கூடாது. ஆக, கையால் எழுதிய சீட்டு தப்பில்லை. ஜிஎஸ்டி எண் இல்லாத சீட்டில் "ஜிஎஸ்டி இவ்வளவு" என்று ஒரு வரி இருந்தால் அதுதான் தப்பு.

பேரம் எப்போது? மாசம் 1 முதல் 7 வரை கடையில் கூட்டம், அப்போது லிஸ்ட் நீட்டினால் எடுத்துக் கட்டவே ஆள் இருக்காது. 12-ஐத் தாண்டிப் போங்கள். முந்தின நாள் லிஸ்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கையோடு பணம் என்று சொல்லுங்கள். குறைக்கச் சொல்ல வேண்டியது பருப்பு, உளுந்து, மிளகாய், புளியில். கிலோவுக்கு நாலைந்து ரூபாய் இறங்கி வருவார். சோப்பில் ஒரு ரூபாய் கூட இறங்காது, அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

தராசுத்தட்டு

எடைக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கடையில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசில் ஒரு சின்னத் தகடு இருக்கும். பெரும்பாலும் "அதிகபட்சம் 30 கிலோ, குறைந்தபட்சம் 100 கிராம், இ = 5 கிராம்" என்று போட்டிருக்கும். இதன் அர்த்தம், அந்தத் தராசு ஐந்தைந்து கிராமாகத்தான் நகரும். 100 கிராமுக்குக் கீழே அதில் எதையும் நிறுக்கவே கூடாது. 3 கிலோ பருப்பில் ஐந்து கிராம் போனால் ஒன்றுமில்லை. 25 கிராம் ஏலக்காயில் ஐந்து கிராம் போனால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. கிராம்பு, ஏலம், ஜாதிபத்திரி மாதிரி விலை கூடினதை ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு உள்ள கடையில் வாங்குங்கள், இல்லை எடை அச்சடித்த பாக்கெட்டாக வாங்குங்கள். "பத்து ரூபாய்க்குச் சோம்பு" என்று கைக்கணக்கில் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் அதிக விலை.

தராசுக்கு வருஷத்துக்கு ஒரு முறை முத்திரை போட வேண்டும். முத்திரையில் வருஷமும் ஏ, பி, சி, டி என்று காலாண்டு எழுத்தும் இருக்கும். சரிபார்ப்புச் சான்றிதழைக் கடையில் பார்வைக்கு மாட்டி வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை.

சான்றிதழ் கேட்டுக் கடைக்காரரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றால் எளிய வழி ஒன்று. அந்தக் கடையிலேயே ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை முதலில் எடுத்துத் தட்டில் வையுங்கள். கவர் எடையும் சேர்வதால் 1.000 அல்லது 1.005, 1.010 என்று காட்ட வேண்டும். 1.040 காட்டினால் தராசு கூட்டிக் காட்டுகிறது, உங்களுக்குப் பருப்பு குறைவாக விழும். 0.970 காட்டினால் உடனே தராசைக் குற்றம் சொல்லாதீர்கள், பாக்கெட்டே குறையாக இருக்கலாம். வேறு கம்பெனிப் பாக்கெட் ஒன்றையும் வைத்துப் பாருங்கள்.

வைப்பதற்கு முன் திரை பூஜ்யத்தில் இருக்கிறதா, மின்விசிறிக் காற்று தட்டில் அடிக்கிறதா, தராசு சமமாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். கால் ஒன்று தூக்கிக்கொண்டிருந்தால் நேர்மையான ஆளின் தராசும் பொய் சொல்லும். வீட்டு டப்பா கொண்டுபோனால் காலி டப்பாவைத் தட்டில் வைத்து, டப்பா எடையைக் கழிக்கும் "டேர்" பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டுத்தான் சாமான் கொட்ட வேண்டும். டப்பா கொண்டுபோவதில் இன்னொரு நன்மை, செய்தித்தாளில் மடித்த பொட்டலம் வீட்டுக்கு வராது. அச்சு மை ஒட்டும் என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையே அதை வேண்டாம் என்கிறது.

அஞ்சறைப்பெட்டி

விலையை விட்டுவிட்டு, தெருக்கடையின் அசல் லாபம் எங்கே என்று கேட்டால்: பார்க்கலாம், கடித்துப் பார்க்கலாம், திருப்பிக் கொடுக்கலாம். ஆப்பில் "பிரீமியம்" என்று எழுதியிருப்பது பழசா புதுசா என்று யாருக்குத் தெரியும்?

அரிசி வாங்கும்போது கடைக்காரரிடம் "பழசா, புதுசா?" என்று கேளுங்கள். சரியாகப் பதில் சொல்கிறவர் கடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். புது அரிசி தண்ணீர் குறைவாகக் கேட்கும், கொஞ்சம் விட்டால் குழையும். பழசுக்குத் தண்ணீர் கூட வேண்டும், சோறு கூடப் பொலியும், அதாவது அதே படியில் இன்னொருவர் சாப்பிடலாம். ஒரு கை அள்ளித் தேய்த்துவிட்டு உள்ளங்கையைப் பாருங்கள். தவிட்டு மாவு அப்பினால் சரியாகப் புடைக்காத அரிசி. குருணை எவ்வளவு என்பதும் அந்தக் கையிலேயே தெரியும்.

துவரம் பருப்பில் எண்ணெய் தடவினது உண்டு, தடவாதது உண்டு. தடவினது பளபளக்கும், விரலில் ஒட்டும், வெயில் காலத்தில் சிக்கு வாடை வரும். பழைய பருப்பு எத்தனை விசில் விட்டாலும் முழுசாக நிற்கும். ஆனால் தண்ணீர் கடினமாக இருந்தாலும் அப்படித்தான் ஆகும், கடைக்காரரை வையும் முன் கேன் தண்ணீரில் கொஞ்சம் வேகவைத்துப் பாருங்கள். புது இடத்தில் மூன்று கிலோவைத் தூக்கி வராமல் கால் கிலோ வாங்கி வேகவைத்துவிட்டு, அதே மூட்டையிலிருந்து மீதியை எடுத்து வைக்கச் சொல்லலாம். இந்தச் சலுகையை எந்த ஆப்பும் தராது. உளுந்துக்கும் இதே சோதனைதான்: நூறு கிராம் ஊறவைத்து அரைத்து, ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும்.

பருவம் பார்த்து வாங்குவதற்கும் இந்தக் கடைதான். மாசி, பங்குனி, சித்திரையில் புது மிளகாய், புது மல்லி, புதுப் புளி, புது மஞ்சள் எல்லாம் இறங்கும். வருஷத்துக்கு வேண்டியதை அப்போது எடுத்து மூன்று வெயிலில் காய வைத்துவிடுங்கள். "கீழமாசி வீதிக்குப் போகும்போது இந்த ரகத்தில் நாலு கிலோ போட்டு வாங்க" என்றால் அண்ணாச்சி அங்கே மொத்தக் கடையிலிருந்து கொண்டுவந்துவிடுவார். குண்டு மிளகாய் கேட்டால் ராமநாதபுரம் முண்டு என்று சொல்லியே கேளுங்கள், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின ரகம் அது. கூடவே நீட்டு மிளகாயும் வாங்குங்கள். இரண்டும் பாதிப் பாதி போட்டால் குழம்பு சிவக்கவும் செய்யும், உறைக்கவும் செய்யும். புளி புதுசு இளம்பழுப்பாக இருக்கும், நாளாக ஆகக் கறுக்கும். கொட்டை எடுத்ததா, எடுக்காததா என்று கேட்காமல் விலையை ஒப்பிடாதீர்கள். நூறு கிராம் பிரித்துக் கொட்டையையும் நாரையும் தள்ளி நிறுத்தால் உண்மை விலை வந்துவிடும். கல்லுப்பு தூவி ஜாடியில் அமுக்கி வையுங்கள், அலுமினிய டப்பா கூடாது.

தூளாக எதையும் சில்லறையில் வாங்காதீர்கள். முழுசாக வாங்கித் தெரு மில்லில் அரையுங்கள். குழம்புத் தூளுக்கு மல்லி 1 கிலோ, மிளகாய் அரைக் கிலோ, துவரம் பருப்பும் கடலைப் பருப்பும் தலா 100 கிராம், மிளகு 50, சீரகம் 50, விரலி மஞ்சள் 50, வெந்தயம் 25. மஞ்சளை உடைத்துப் போடணும், முழுசாகப் போட்டால் மில்காரர் திட்டுவார். கையில் ஒரு மிளகாயை நொறுக்கினால் சடசடவென்று உடைய வேண்டும், மடங்கினால் இன்னொரு வெயில் பாக்கி. ஈரத்தோடு அரைத்தால் மிஷினில் அப்பிக்கொள்ளும், தூளும் ஆறு வாரத்தில் கட்டி பிடித்து வண்டு விழும். மில்லில் கேட்க வேண்டியது ஒன்றே: "எனக்கு முன்னால் என்ன ஓடிச்சு?" சீயக்காய்க்குப் பின்னால் உங்கள் மிளகாய் ஓடக் கூடாது. மல்லிக்குப் பின்னால் என்றால் பரவாயில்லை. அரைத்துச் சுடச்சுட வரும் தூளை டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்து வீணாகும். வீட்டுக்கு வந்ததும் சுத்தமான துணியில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகு சலித்து எடுத்து வையுங்கள்.

கலப்படச் சந்தேகம் இருந்தால் கடையிலேயே பார்க்கக் கூடியது: மிளகைத் தண்ணீரில் போடுங்கள், பப்பாளி விதை மிதக்கும். முதிராத மிளகும் மிதக்கும், ஆகவே மிதந்ததை எடுத்து நசுக்கி மோந்து பார்த்துவிட்டுத்தான் சண்டைக்குப் போக வேண்டும்.

செக்கடி

எண்ணெய்க்கு ஒரு கணக்கு. செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்க நல்ல நிலக்கடலைப் பருப்பு இரண்டேகால் முதல் இரண்டரைக் கிலோ வேண்டும். அந்தப் பருப்பு கிலோ 130 என்று வைத்தால் 2.4 கிலோவுக்கு 312 ரூபாய். புண்ணாக்கு விற்ற காசு அதில் திரும்பும், ஆட்டுக்கூலி ஏறும். இந்தக் கணக்கில், "செக்கு எண்ணெய் லிட்டர் 180" என்று ஒரு பலகை தொங்கினால் அது செக்கைப் பார்த்த எண்ணெய் இல்லை. பருப்பு விலையை மட்டும் அன்றைக்கு விசாரித்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், வேறு சோதனை தேவையில்லை. விருதுநகர் மார்க்கெட் நிலவரம் பேப்பரில் வரும், அதுவே போதும். நல்லெண்ணெய்க்கும் எள் கிட்டத்தட்ட அதே அளவுதான், எள்ளோடு சேர்த்து ஆட்டும் கருப்பட்டிச் செலவு தனி.

பருப்பை நீங்களே வாங்கிக் கொடுத்து ஆட்டச் சொன்னால் 10 கிலோவுக்குக் குறைந்து போகாதீர்கள். குறைவாகப் போட்டால் செக்கில் ஒட்டிக்கொள்ளும் எண்ணெயே உங்கள் பங்கைத் தின்றுவிடும். ஆட்டின எண்ணெயை இரண்டு மூன்று நாள் தெளியவிட்டு, அடி மண்டியை விட்டுவிட்டு இறுத்துக்கொள்ளுங்கள். மண்டியோடு வைத்தால் சீக்கிரம் காறும்.

டின்னிலிருந்து ஊற்றிக் கொடுக்கும் சில்லறை எண்ணெய் மட்டும் வேண்டாம். சமையல் எண்ணெயைப் பொட்டலமாக அடைத்து லேபிளோடுதான் விற்க வேண்டும் என்பது விதி. செக்குக்காரர் பாட்டிலில் அடைத்தாலும் அதில் முகவரி, அடைத்த தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்க வேண்டும்.

பற்றுவரவு

மேலே எல்லோரும் அண்ணாச்சி பக்கம் சாய்ந்துவிட்டார்கள். நான் மறுபக்கம் சொல்கிறேன்.

தெருக்கடையின் பலவீனம் ஓடாத சரக்கு. ஹெல்த் டிரிங்க், ஓட்ஸ், சீஸ், குழந்தை பிஸ்கட் மாதிரி அந்தத் தெருவில் நாலு வீடு மட்டும் வாங்குவது அலமாரியிலேயே கிடந்து தேதி தாண்டும். தேதி பார்க்காமல் பையில் போடாதீர்கள். பால், தயிர், ஐஸ்கிரீம் வாங்கும் முன் இரவில் ஃப்ரிட்ஜை அணைக்கிறாரா என்று பாருங்கள். கவருக்குள் பனிக்கட்டி ஊசியாக உறைந்திருந்தால் ஒரு முறை உருகி மறுபடி உறைந்தது. குளிர்பானத்துக்கு "கூலிங் சார்ஜ்" என்று எம்ஆர்பிக்கு மேல் இரண்டு ரூபாய் கேட்பது சட்டப்படி செல்லாது. இதற்கும் எடைக் குறைவுக்கும் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகார் சொல்லலாம்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று சீட்டில் அடித்திருந்தாலும் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சீட்டில் வேறு கெடு போடாவிட்டால் குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். அதற்குச் சீட்டு கையில் இருக்க வேண்டும், துண்டுச் சீட்டாக இருந்தாலும் தேதியும் தொகையும் போட்டு வாங்குங்கள். நடைமுறையில் அழுகின தேங்காய்க்கு யாரும் சட்டம் பேசுவதில்லை. உடைத்த மூடியை அப்படியே கொண்டுபோய்க் காட்டினால் வேறு காய் தருவார்.

கடன் நோட்டு வசதியைப் பெரிய லாபமாகச் சொல்வார்கள். வசதிதான், ஆனால் நோட்டு வைத்தவருக்கு விலை கேட்க வாய் வராது. பருப்பு ஏழு ரூபாய் கூட எழுதியிருந்தாலும் மாசக் கடைசியில் மொத்தத்தைத்தான் பார்ப்போம். நோட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு நோட்டு, ஒன்று உங்கள் வீட்டில். அன்றைக்கே பொருள், அளவு, விலை மூன்றும் இரண்டிலும் ஏற வேண்டும். பிள்ளைகளை அனுப்பி வாங்கியது தனியாக எழுதப்பட வேண்டும், தகராறு வருவது எப்போதும் அந்த வரியில்தான்.

இவ்வளவுக்கும் பிறகு நானும் நிறுத்து வாங்கும் சாமானைத் தெருக்கடையில்தான் வாங்கச் சொல்வேன். 50 கிராம் வெந்தயம், இரண்டு முட்டை, கால் கிலோ வெல்லம் என்று தேவைக்கு வாங்கும்போது வீட்டில் கெட்டுப்போய்க் கொட்டுவது நிற்கும். அந்தக் கணக்கு எந்த ஆப் பில்லிலும் வராது. அப்புறம், அந்தக் கடையில் தொங்கும் வடகமும் கல்லாப் பக்கத்து முறுக்குப் பாட்டிலும் பெரும்பாலும் உங்கள் ஏரியா வீடுகளில் போட்டது. பெரிய கடை அலமாரியில் அவர்களுக்கு இடம் கிடைக்காது.

புதுநத்தம்ரோடு

எல்லோருக்கும் நன்றி. அரிசி, பருப்பு, புளி, மிளகாய் தெருக்கடை. சோப்பு வகையறா எங்கே மலிவோ அங்கே. 26 கிலோ மூட்டையை எதில் கொட்டுவது? இருப்பது 25 லிட்டர் டிரம்.

லெட்ஜர்

பத்தாது. அரிசி லிட்டருக்குச் சுமார் 800 கிராம்தான் பிடிக்கும், 26 கிலோவுக்கு 33 லிட்டர் ஆகிறது. 40 லிட்டர் டிரம் வாங்குங்கள், கையை விட்டு அள்ள இடம் வேண்டும்.

அஞ்சறைப்பெட்டி

பழைய அரிசி அடியில் இருக்கும்போது புதுசை மேலே கொட்டாதீங்க. அடியில் வண்டு இருந்தால் 26 கிலோவும் போச்சு. டிரம்மைக் காலி பண்ணி, துடைத்து, ஒரு வெயில் காயவைத்து, காய்ந்த வேப்பிலையும் நாலைந்து வரமிளகாயும் போட்டு, அப்புறம் கொட்டுங்க. காம்பு கிள்ளாத மிளகாயாகப் போடுங்க, இல்லையென்றால் விதை கொட்டி அரிசியில் பொறுக்கிக்கொண்டிருக்கணும்.